கம்பி மறைத்த சக்கரம்



ஆனியிலும் ஆடியிலும் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக இறங்குகிற காற்றைப் பற்றி நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மேற்குத் தொடர்ச்சி மலை தெற்கே முடியப்போகிற இடத்தில் ஓர் இடைவெளி. தென்மேற்குப் பருவக்காற்று அதற்குள் நெருக்கிப் புகுந்து, வேகம் கூடி வெளியே வருகிறது. முப்பந்தலில் அத்தனை காற்றாலைகள் நிற்பதற்கும் அதுதான் காரணம். அங்கிருந்து தெற்கே சில கிலோமீட்டரில் கற்சிற்பிகளின் ஊரான மயிலாடி. உளிச்சத்தத்தோடு இந்தக் காற்றின் இரைச்சலையும் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். இந்தக் காற்றுக்கு எதிரே சைக்கிள் சவுட்டிப் பள்ளிக்கூடம் போனவர்களுக்கு இன்றைய பேச்சு சட்டென்று விளங்கும்.

தொலைக்காட்சியில் சைக்கிள் பந்தயம் பார்த்திருப்பீர்கள். சில சைக்கிள்களில் பின்சக்கரத்தில் கம்பியே தெரியாது. ரிம்மிலிருந்து ஹப் வரை வழுவழுப்பான ஒரே தட்டு. கடையில் அப்படியொரு சக்கரம் வாங்க லட்சக்கணக்கில் ஆகும். அதே வேலையைப் பெரும்பாலும் செய்யக்கூடிய ஒன்றை வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து செய்துகொள்ள முடியும். எப்படி என்பதையும், எங்கே ஆபத்து என்பதையும் சொல்லப்போகிறேன்.

முதலில் காரணம். சமதளத்தில் மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவர் செலவிடும் பலத்தில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு காற்றை விலக்கவே போய்விடுகிறது. வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்கு. அதை வெல்லத் தேவையான சக்தி எட்டு மடங்கு. இதில் பெரும்பங்கு ஓட்டுபவரின் உடம்பால் வருவது. ஆகவே குனிந்து, முழங்கையை ஒடுக்கி ஓட்டக் கற்றுக்கொள்வதுதான் முதல் பாடம். அதற்குக் காசு வேண்டாம். அடுத்துத்தான் சக்கரம்.

சக்கரத்தில் ஒரு விசேஷம் உண்டு. சைக்கிள் 40 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது, சக்கரத்தின் உச்சிப்பகுதி 80 கிலோமீட்டர் வேகத்தில் முன்னோக்கிப் பாய்கிறது. தரையைத் தொடும் இடம் அந்த நொடியில் அசையாமல் நிற்கிறது. ஆக மேல்பாதியில் இருக்கும் ஒவ்வொரு கம்பியும் சைக்கிளைவிட வேகமாகக் காற்றை வெட்டிக்கொண்டு போகிறது. 32 கம்பி, 36 கம்பி என்று எண்ணிப் பாருங்கள். இரண்டு பக்கமும் மூடிவிட்டால் இந்த வெட்டு நின்றுவிடும். காற்று தட்டின் மேல் வழுக்கிப் போகும்.

உலகம் இதைக் கவனித்தது 1984 ஜனவரியில். ஒரு மணி நேரத்தில் ஒருவர் எவ்வளவு தூரம் ஓட்ட முடியும் என்று ஒரு சாதனைப் போட்டி உண்டு. பெல்ஜியத்தின் எடி மெர்க்ஸ் 1972இல் மெக்சிகோ நகரில் 49.431 கிலோமீட்டர் ஓட்டியிருந்தார். பதினோரு ஆண்டுகளுக்கு மேல் அதை யாரும் தொடவில்லை. இத்தாலியின் பிரான்செஸ்கோ மோசர் அதே மெக்சிகோ நகரில் இரண்டு சக்கரமும் தட்டாக இருந்த சைக்கிளில் ஏறினார். ஜனவரி 19ஆம் தேதி 50.808 கிலோமீட்டர். நான்கு நாள் கழித்து 51.151. அந்த ஊர் கடல்மட்டத்துக்கு மேலே இரண்டாயிரம் மீட்டருக்கும் கூடுதலான உயரத்தில் இருப்பதால் காற்று மெலிந்திருக்கும் என்பதும் உண்மை. ஆனால் மெர்க்ஸ் ஓட்டியதும் அதே ஊரில்தானே!

சர்வதேச சைக்கிள் சங்கமான யு.சி.ஐ. 1914லிருந்தே காற்றின் எதிர்ப்பைக் குறைக்கும் மூடிகளைத் தடை செய்திருக்கிறது. மோசரின் தட்டு எப்படித் தப்பியது? அது சக்கரத்தின் மேல் போர்த்திய மூடி அல்ல, பாரத்தைத் தாங்குகிற சக்கரமே அதுதான் என்று வாதிட்டார்கள், ஏற்றுக்கொள்ளப்பட்டது. இந்த வேறுபாட்டை நினைவில் வைத்திருங்கள். நாம் வீட்டில் செய்யப்போவது மூடிதான்.

மோசரின் சாதனையை 1993 ஜூலையில் உடைத்தவரையும் சொல்லாமல் விட மனமில்லை. ஸ்காட்லாந்தின் கிரேம் ஓப்ரீ. தன் சைக்கிளைத் தானே செய்தார். மிதிகட்டை சுழலும் இடத்தில் அவர் பொருத்தியது பழைய சலவை இயந்திரத்திலிருந்து கழற்றிய பேரிங். நார்வேயில் ஹாமர் என்ற ஊரில் ஜூலை 16ஆம் தேதி வேறொரு புதிய சைக்கிளில் முயன்று தோற்றார். மறுநாள் காலையில் தன் கையால் செய்த சைக்கிளை எடுத்துக்கொண்டு மறுபடி ஏறி 51.596 கிலோமீட்டர் ஓட்டினார். ஒரே வாரத்தில் இங்கிலாந்தின் கிறிஸ் போர்ட்மேன் அதையும் தாண்டினார் என்பது வேறு. கைவேலை தெரிந்தவர்கள் நிறைந்த நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு ஓப்ரீயின் பெயர் தெரிந்திருக்க வேண்டும்.

இனி செய்முறை.

மூடியைத் தொடுவதற்கு முன் சக்கரத்தைச் சைக்கிள் கடையில் கொடுத்து நன்றாகக் கோட்டம் எடுத்துக்கொள்ளுங்கள். கம்பிகளின் இறுக்கம் சமமாக இருக்க வேண்டும். மூடிய பிறகு கம்பியை எட்ட முடியாது. கோணலான சக்கரத்தை எவ்வளவு அழகாக மூடினாலும் அது கோணல் சக்கரம்தான்.

தகட்டைப் பற்றி ஒரே வார்த்தை: இரும்புத் தகடு வேண்டவே வேண்டாம், விழுந்தால் கத்தியாகிவிடும். பிளாஸ்டிக் ஃபைல் அட்டை செய்கிறார்களே, அந்தப் பாலிப்ரொப்பிலீன் ஷீட் போதும். முக்கால் மில்லிமீட்டர் தடிப்பில் எடுத்தால் இரண்டு மூடியும் சேர்ந்து ஏறக்குறைய 400 கிராம் வரும். விட்டம் சுமார் 60 சென்டிமீட்டர். உங்கள் ரிம்மை அளந்து முடிவு செய்யுங்கள். ரிம்மில் பிரேக் கட்டை பிடிக்கும் பட்டையை மூடி தொடவே கூடாது.

இங்கேதான் சூட்சுமம். ரிம் ஒடுக்கமானது, ஹப் அகலமானது. ஆகவே மூடி தட்டையாக இருந்தால் உட்காராது. நடுவில் லேசாக மேடிட்ட கூம்பாக வேண்டும். அதற்கு வட்டமாக வெட்டிய ஷீட்டில் விளிம்பிலிருந்து நடுத்துளை வரை ஒரு கோடு கீறி, விளிம்புகளைச் சற்று நெருக்கி இணைக்க வேண்டும். எவ்வளவு நெருக்குவது? கியர் உள்ள சைக்கிளில் வலப்பக்கம் பல்சக்கரங்களுக்கு இடம் விட வேண்டியிருப்பதால் ஹப்பின் வலது விளிம்பு நடுவை ஒட்டியே இருக்கும். பொதுவான அளவுகளை வைத்துக் கணக்குப் போட்டால், இடப்பக்க மூடியில் வெளிவிளிம்பில் ஏழெட்டு மில்லிமீட்டர் நெருக்கினால் போதும். வலப்பக்கத்தில் ஒரு மில்லிமீட்டர் சொச்சம்தான், கிட்டத்தட்டத் தட்டை. இரண்டு விரற்கடை நெருக்கிவிட்டு மூடி ஏன் தொப்பி மாதிரி எழும்புகிறது என்று திகைக்காதீர்கள். ஹப்பையும் ரிம்மையும் அளந்து, பித்தாகரஸ் தேற்றத்தை வைத்து ஒன்பதாம் வகுப்புப் பிள்ளையே இந்தக் கணக்கைப் போட்டுவிடலாம்.

இந்தப் பிளாஸ்டிக்கில் சாதாரணப் பசை ஒட்டாது. கம்பிகளுக்கு இடையே சிறு துளைகள் இட்டு, நைலான் டேக்கால் கம்பியோடு சேர்த்து இறுக்குங்கள். கீறிய இடத்துக்கும் விளிம்புக்கும் நல்ல டேப். காற்றடிக்க வால்வு பக்கம் ஒரு துளை விட்டு, அதன் மேலும் டேப். வலப்பக்க மூடியைப் போடுமுன் பல்சக்கரத்தைக் கழற்றிவிடுவது நல்லது. மாட்டி முடித்ததும் சக்கரத்தைக் கையால் சுற்றி, எங்காவது உரசும் சத்தம் வருகிறதா என்று காது கொடுத்துக் கேளுங்கள்.

இன்னும் உறுதியாகச் செய்ய நினைப்பவர்கள் கடற்கரைப் பக்கம் போகலாம். குளச்சல், முட்டம், சின்னமுட்டம் பகுதிகளில் ஃபைபர் வள்ளம் பழுது பார்க்கிறவர்களுக்குக் கண்ணாடி இழைப் பாயும் ரெசினும் கைவந்தவை. ஒன்றைக் கவனிக்க வேண்டும். வள்ளத்துக்குப் பூசும் பாலியெஸ்டர் ரெசின் தெர்மாகோலைக் கரைத்துவிடும்; தெர்மாகோலை அச்சாக வைத்தால் எபாக்சி ரெசின்தான் ஆகும். எப்படிச் செய்தாலும் உள்ளே கம்பிகள் இருக்கட்டும். கம்பியை எடுத்துவிட்டுத் தட்டையே பாரம் தாங்க வைப்பது வீட்டு வேலை அல்ல.

ஆபத்துக்கு வருகிறேன். மூடிய சக்கரம் பக்கக்காற்றுக்குப் பாய் விரித்த மாதிரி. சாய்வாக வரும் காற்று சில கோணங்களில் சைக்கிளை முன்னே தள்ளக்கூடச் செய்யும். ஆனால் முன்சக்கரத்தை மூடினால் காற்றின் பக்கவாட்டுத் தள்ளல் நேராக ஹேண்டில்பாருக்குப் போகும். நீங்கள் திருப்பாமலே சைக்கிள் திரும்பும். மோசர் ஓட்டியது வண்டி வாகனம் இல்லாத பந்தயத் தடத்தில். ஹவாயில் கோனாவில் நடக்கும் அயர்ன்மேன் என்ற நீச்சல், சைக்கிள், ஓட்டப் போட்டியில் பக்கக்காற்றின் காரணமாகப் பின்தட்டுக்கும் நெடுங்காலம் அனுமதி இருந்ததில்லை. காவல்கிணற்றிலிருந்து கன்னியாகுமரி வரும் நெடுஞ்சாலையை எண்ணிப் பாருங்கள். தெற்கு நோக்கிப் போகும் சாலை, மேற்கிலிருந்து அடிக்கும் காற்று. கடந்துபோகும் லாரி ஒரு நொடி காற்றை மறைத்து, அடுத்த நொடி திறந்துவிடும். அந்த இடத்தில் முன்சக்கரத்தை மூடி ஓட்டுவது உயிரோடு விளையாடுவது. காற்று மாதங்களில் அங்கே பின்மூடியும் வேண்டாம் என்பதே என் முடிவு.

பந்தய விதிகளும் உண்டு. யு.சி.ஐ. விதிப்படி நடக்கும் போட்டிகளில் மூடி செல்லாது. எல்லாரும் ஒன்றாகக் கிளம்பும் சாலைப் பந்தயத்தில் விலைகொடுத்து வாங்கிய தட்டுச் சக்கரத்துக்கும் இடமில்லை. தனித்தனியாக நேரம் பார்த்து ஓடும் பந்தயத்திலும் வெலோட்ரோம் எனப்படும் சைக்கிள் பந்தயத் தடத்திலும்தான் அதற்கு இடம். நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் சேர்ந்த டிரையத்லான் போட்டிகள் பலவற்றில் பின்சக்கர மூடியை ஏற்கிறார்கள். உள்ளூர்ப் போட்டியென்றால் நடத்துகிறவர்களிடம் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். அரசு தரும் விலையில்லா மிதிவண்டியில் பள்ளிக்கூடம் போகும் வேகத்துக்கு இந்த மூடி ஒரு பயனும் தராது, எடைதான் கூடும். முப்பது, முப்பத்தைந்து கிலோமீட்டருக்கு மேல் நிலையாக ஓட்டப் பழகியவருக்கு இது வினாடிகளில் லாபம் தரும். பந்தயத்தில் வெற்றியும் தோல்வியும் வினாடியில்தானே இருக்கிறது.

2024 ஜனவரியில் கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுப் போட்டி தமிழ்நாட்டில் நடந்தபோது, சென்னையை அடுத்த மேலக்கோட்டையூர் வெலோட்ரோமில் சைக்கிள் போட்டிகள் நடந்தன. அந்த மாதிரித் தடத்தில் நம் மாவட்டத்துப் பிள்ளைகள் ஓட வேண்டும் என்பது என் ஆசை. அதற்கு முன்னோட்டமாகப் பள்ளி அறிவியல் ஆசிரியர்களும் உடற்கல்வி ஆசிரியர்களும் சேர்ந்து ஒரு சோதனை செய்து பார்க்க வேண்டுகிறேன். தை, மாசி மாதங்களில் காற்று அசையாத ஒரு விடியற்காலையில், வண்டி வராத சிறு சரிவில், மிதிக்காமல் சைக்கிளை உருளவிட்டு எவ்வளவு தூரம் போகிறது என்று அளக்கட்டும். மூடியோடு பலமுறை, மூடியில்லாமல் பலமுறை. அதே ஆள், அதே குனிவு, டயரில் அதே காற்று. வித்தியாசம் மிகச் சிறியதாகத்தான் இருக்கும். அதை அளந்து பிடிக்க மாணவர்களுக்குக் கற்றுக்கொடுங்கள். தலைக்கவசம் கட்டாயம்.