தோற்றவர் கேட்ட கேள்வி



ஒரு சேர்மம் எங்கே கிடைத்தாலும், எப்படித் தயாரித்தாலும், அதிலுள்ள தனிமங்களின் எடை விகிதம் மாறாது. தண்ணீர் என்றால் 1 பங்கு ஹைட்ரஜனுக்குச் சுமார் 8 பங்கு ஆக்சிஜன். பள்ளியில் நாம் இரண்டு மார்க் கேள்வியாகப் படித்த இந்த மாறா விகித விதிக்காக, இரண்டு பிரெஞ்சுக்காரர்கள் பல வருஷம் வாதாடியிருக்கிறார்கள்.

ஸ்பெயினில் வேலை பார்த்த ஜோசப் புரூஸ்ட், 1799-இல், இயற்கையில் கிடைத்த காப்பர் கார்பனேட்டையும் ஆய்வுக்கூடத்தில் செய்ததையும் பகுத்துப் பார்த்தார். விகிதம் ஒன்றே! பெர்த்தோலே ஒப்புக்கொள்ளவில்லை. அவர் நெப்போலியனோடு எகிப்துக்குப் போனவர். அங்கே ஏரிக்கரையில் உப்பும் சுண்ணாம்புக்கல்லும் சேர்ந்து சோடா உண்டாவதைக் கண்டார். ஆய்வுக்கூடத்தில் நடப்பதற்கு நேர் எதிரான வினை அது. பொருளின் அளவு கூடினால் வினையின் திசையே மாறும் என்றால், சேர்மத்தின் விகிதமும் மாறலாமே என்று கேட்டார். விகிதம் மாறும் ஆக்சைடுகளை உதாரணமும் காட்டினார்.

புரூஸ்ட் அவற்றைப் பகுத்து, அவை ஒரே பொருளல்ல, கலவைகள் என்றார். 100 கிராம் வெள்ளீயத்தோடு ஓர் ஆக்சைடில் சுமார் 13.5 கிராம் ஆக்சிஜன், இன்னொன்றில் 27 கிராம். நடுவில் வரும் அளவெல்லாம் இரண்டின் கலப்பு என்பது அவர் வாதம். 1808-இல் டால்டனின் புத்தகம் காரணமும் சொன்னது: அணு பாதியாகச் சேராது.

புரூஸ்ட் ஜெயித்தார். ஆனால் கதை அங்கே முடியவில்லை. ஃபெரஸ் ஆக்சைடில் ஓர் இரும்பு அணுவுக்கு ஓர் ஆக்சிஜன் அணு என்றுதான் எழுதுகிறோம். உண்மையில் அந்தப் படிகத்தில் இரும்பு இருக்க வேண்டிய சில இடங்கள் காலி. 100 ஆக்சிஜனுக்குச் சுமார் 95 இரும்புதான். அதுவும் கூடும், குறையும். இத்தனைக்கும் அது கலவை அல்ல! இப்படிப்பட்ட சேர்மங்களுக்கு ரஷ்ய விஞ்ஞானி குர்னகோவ் 'பெர்த்தோலைடு' என்றே பெயர் வைத்தார். 1987-இல் பரபரப்பாகப் பேசப்பட்ட இட்ரியம் பேரியம் காப்பர் ஆக்சைடிலும் இதே கதைதான். ஆக்சிஜன் அளவுக்கு மேல் குறைந்தால் மீக்கடத்தும் குணமே போய்விடும்.

தம்பி தங்கைகளே, லேபில் உங்கள் ரீடிங் புத்தகத்தோடு ஒத்துப்போகவில்லை என்றால், பக்கத்து பெஞ்சு ரீடிங்கை எழுதிவிடாதீர்கள். முதலில் சாம்பிள் சுத்தமா என்று பாருங்கள். புரூஸ்ட் அதைத்தான் செய்தார். சுத்தம்தான் என்று உறுதியான பிறகும் கணக்கு இடிக்கிறதா? வந்த எண்ணை அப்படியே நோட்டில் எழுதி, ஆசிரியரிடம் எடுத்துப் போங்கள். பெர்த்தோலேயின் கேள்விக்கு அப்படித்தான் பிற்காலத்தில் பதில் கிடைத்தது.