கையோடு வந்த ஸ்டீயரிங்

(பழைய மாணவர் சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



"உங்க வேலை அனுபவத்தைச் சொல்லுங்க" என்றுதான் கூப்பிட்டார்கள். அதையெல்லாம் எனக்கு முன்னால் பேசியவர்கள் நன்றாகவே சொல்லிவிட்டார்கள். நான் காலையில் வந்து இறங்கிய அம்பாசிடரைப் பற்றிச் சொல்கிறேன். 1972 மாடல், மார்க் டூ. அப்பா செகண்ட் ஹேண்டில் வாங்கி, முப்பது வருஷம் ஓட்டி, எனக்கு வேலை கிடைத்ததும் சாவியைக் கையில் கொடுத்துவிட்டார்.

அதன் ஸ்டீயரிங் வீலில் ஏழெட்டு இடத்தில் வெடிப்பு. யாரையும் குறை சொல்ல முடியாது, வயசு. உள்ளே இரும்பு வளையம், மேலே பிளாஸ்டிக் வார்ப்பு. வெயிலில் காய்ந்து பிளாஸ்டிக் வருஷக்கணக்கில் சுருங்கும், இரும்பு சுருங்காது. கணக்குப் போட்டுப் பாருங்கள். நாற்பது சென்டிமீட்டர் விட்டமென்றால் சுற்றளவு 125 சென்டிமீட்டர். ஒரு சதவீதம் சுருங்கினாலே 12 மில்லிமீட்டருக்கு மேல் குறைய வேண்டும். உள்ளே இரும்பு விடாதே! அதனால் வெடிக்கிறது, அதுவும் ஆரக்கம்பி சேரும் இடத்தில் முதலில்.

வெடிப்பு கையைக் கீறியது. நான்தான் இன்ஜினியர் ஆச்சே, ரெக்சின் உறை தைத்து மாட்டிவிட்டேன். பார்க்க ஜோராக இருந்தது. அப்பா மட்டும், "உள்ளே எப்படி இருக்குன்னு பாத்தியாடா?" என்று கேட்டார். "மேல இருக்கிற பிளாஸ்டிக் தாம்ப்பா போயிருக்கு" என்றேன்.

மூணு மழைக்காலம் போனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு குன்னூர் போய்விட்டு, பர்லியார் வழியாக மேட்டுப்பாளையம் இறங்கி வீட்டுக்கு வந்தோம். ராத்திரி ஷெட்டில் விடும்போது, வண்டி நின்ற இடத்திலேயே வீலை முழுக்க ஒடித்தேன். பவர் ஸ்டீயரிங் கிடையாது, கை பலம்தான். 'டக்'கென்று ஒரு சத்தம். வளையத்தின் ஒரு பக்கம் வளைந்து என் கையோடு வந்தது. சக்கரம் அசையவில்லை.

பின் சீட்டில் என் பெண் தூங்கிக்கொண்டிருந்தாள். அந்த மலை வளைவுகளை இறங்கி மூணு மணி நேரம்கூட ஆகவில்லை. அன்றைக்கு எனக்குத் தூக்கம் வரவில்லை.

காலையில் உறையைக் கிழித்தேன். வியர்வையும் மழை ஈரமும் வெளியே போக வழியில்லாமல் வெடிப்புக்குள் தங்கி, ஆரக்கம்பி வெல்டைத் துரு தின்றிருந்தது. உறை போடாமல் விட்டிருந்தால் துரு கண்ணில் பட்டிருக்கும்.

திரும்ப வெல்டு அடித்துக்கொள்ளலாம் என்று சொன்னவர்கள் உண்டு. நான் ஒத்துக்கொள்ளவில்லை. மேலே வெடித்தால் பூசலாம். உள் இரும்பு போனால், மையத் துளையின் பல் தேய்ந்தால், அந்த வீல் வேண்டாம். இதில் எனக்கு இரண்டாவது அபிப்பிராயம் கிடையாது.

ஆனால் அதைக் கழற்ற மனசு வரவில்லை. அப்பாவின் கட்டைவிரல் பட்டுப் பட்டு ஒரு இடம் வழவழவென்று குழிந்திருந்தது. அவரிடமே சொன்னேன். "விரல் என்கிட்டதானேடா இருக்கு, வீல் எதுக்கு?" என்று கேட்டுவிட்டுப் பேப்பர் படிக்கப் போய்விட்டார்.

அம்பாசிடர் உற்பத்தியே 2014-ல் நின்றுவிட்டது. புதுப்பேட்டையில் அலைந்து ஒரு பழைய வீல் பிடித்தேன். அதிலும் வெடிப்புதான். இந்தத் தடவை ஒழுங்காகச் செய்தேன்.

தம்பிகளே, இங்கே கொஞ்சம் கவனியுங்கள். முதலில் பேட்டரி ஒயரைக் கழற்றுங்கள். வீலும் தண்டும் சேரும் நிலைக்கு அடையாளம் போடுங்கள். நட்டைத் தளர்த்துங்கள், முழுக்க எடுக்காதீர்கள். எடுத்தால் வீல் திடீரென்று விட்டு மூஞ்சியில் அடிக்கும். சுத்தியலால் தட்டாமல் புல்லர் போட்டு இழுங்கள். பிறகு முக்கோண அரத்தால் ஒவ்வொரு வெடிப்பையும் இரும்பு தெரியும் வரை 'வி' வடிவத்தில் அகலப்படுத்தி, துருவைச் சுரண்டுங்கள். ஆரக்கம்பி சேரும் இடங்களில் டை பெனட்ரன்ட் சோதனை அவசியம். சிவப்புச் சாயம் அடித்து, பத்து நிமிஷம் விட்டுத் துடைத்து, வெள்ளை டெவலப்பர் அடித்தால், விரிசல் இருந்தால் சிவப்புக் கோடாகக் காட்டிக்கொடுத்துவிடும். லேபில் நாம் தூங்கி வழிந்த அதே சோதனைதான்.

நிரப்புவதற்கு மெதுவாக இறுகும் எபாக்சி. ஐந்து நிமிஷத்தில் இறுகுவது வேண்டாம். நான் விடியற்காலையில் நிரப்பினேன். குளிர்ச்சியில் பிளாஸ்டிக் சுருங்கி வெடிப்பு அகலமாக இருக்கும். பிறகு வெயிலில் பிளாஸ்டிக் விரியும்போது எபாக்சி அமுங்கும். அது அமுக்கத்தைத் தாங்கும், இழுவையைத்தான் தாங்காது. மத்தியானம் நிரப்பினால் இது தலைகீழாகிவிடும். ஒரு நாள் முழுக்க விட்டு, 80, 220, 400 நம்பர் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பிரைமரும் பெயிண்டும் அடித்து, ஒரு வாரம் தொடாமல் வைத்திருந்தேன். உறை போடவில்லை.

பழைய வீல் ஷெட்டில் ஆணியில் தொங்குகிறது. புது வீலோடு முதல் ரவுண்டு அப்பாதான் ஓட்டினார். தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து, "கொஞ்சம் வழுக்குதுடா" என்றார். அவ்வளவுதான்.

வண்டி மெக்கானிக்கல் பிளாக் வேப்பமரத்தடியில் நிற்கிறது. சாப்பிட்டு முடித்து, கை கழுவித் துடைத்துவிட்டு வந்து வீலைப் பிடித்துப் பாருங்கள். ஹார்னை மட்டும் அமுக்காதீர்கள், அமுக்கினால் நிற்காது. அந்த வேலை இன்னும் பாக்கி.