அருகில் நின்றவர்களின் சாட்சி



விளையாட்டு ஆசிரியர் ஒருவர் நினைவாக அமைந்த இந்த மேடையில் ஒரு வீரரைப் புகழ்ந்து பேசிவிட்டுப் போவது எளிது. ஆனால் நான் ஹான்சி குரோனியேவைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

தென்னாப்பிரிக்க கிரிக்கெட் அணிக்கு 53 டெஸ்டுகளில் தலைமை ஏற்று 27-இல் வென்றவர் அவர். 2000 ஏப்ரல் 7 அன்று, சூதாட்டத் தரகரோடு அவர் பேசிய தொலைபேசிப் பேச்சு தங்களிடம் இருப்பதாக டெல்லி போலீஸ் அறிவித்தது. அவருடைய நாடு அதை நம்ப மறுத்தது. கிரிக்கெட் வாரியத்தின் அலி பாக்கர் அவர் பக்கம் நின்றார். நான்காம் நாள் விடிவதற்கு முன்பே பாக்கரை அழைத்து, தான் முழு உண்மையைச் சொல்லவில்லை என்று குரோனியேவே ஒப்புக்கொண்டார்.

அத்தனை பேர் நம்ப மறுத்ததற்குக் காரணம் உண்டு. பக்திமான், இளையவர்களைத் தட்டிக்கொடுப்பவர் என்றே பழகியவர்கள் அவரை அறிந்திருந்தார்கள். இன்றும் அப்படிச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் பொய் சொல்வதாக நான் கருதவில்லை. ஆனால் அந்த அன்பு வேறு, குற்றம் வேறு என்று அவர்கள் பிரித்து வைப்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

நாக்பூருக்கு வாருங்கள். 2000 மார்ச் 19, இந்தியாவுக்கு எதிரான ஒருநாள் ஆட்டம். குரோனியேவின் திட்டம் இது: சக வீரர் ஹெர்ஷல் கிப்ஸ் 20 ரன்னுக்குள் ஆட்டமிழக்க வேண்டும்; ஹென்றி வில்லியம்ஸ் 50 ரன்னுக்கு மேல் விட்டுக்கொடுக்க வேண்டும். ஆளுக்கு 15,000 டாலர் என்றார் தலைவர். தரகரிடம் அவர் பேசியிருந்ததோ ஆளுக்கு 25,000! இருவரும் சரி என்றார்கள். ஆட்டத்தில் கிப்ஸ் 74 அடித்தார். வில்லியம்ஸ் இரண்டாவது ஓவரிலேயே தோள் காயத்தோடு வெளியேறினார். பேசியபடி எதுவும் நடக்கவில்லை.

ஏன் இவர்கள் இருவர்? பெங்களூரில் காலிஸ், பவுச்சர், குளூஸ்னர் ஆகியோரிடமும் அவர் பேச்சுக் கொடுத்துப் பார்த்தார். விளையாட்டாகச் சொல்கிறார் என்று அவர்கள் தள்ளிவிட்டார்கள். அவர்கள் மூவரும் வெள்ளையர்கள், அணியில் வேரூன்றியவர்கள். கிப்ஸும் வில்லியம்ஸும் நிறவெறிச் சட்டங்கள் ‘கலர்ட்’ என்று ஒதுக்கிவைத்த சமூகத்திலிருந்து வந்தவர்கள். அதிலும் வில்லியம்ஸ் அணிக்குப் புதியவர், இடம் உறுதியாகாதவர். தலைவருக்கு ‘முடியாது’ என்று சொல்ல அவரிடம் என்ன பலம் இருந்தது? தட்டிக்கொடுத்துச் சேர்த்த நம்பிக்கையைத்தான் அந்த இருவரிடம் குரோனியே செலவழித்தார். இந்த விவகாரத்தை விசாரித்த கிங் ஆணையத்தின் முன் வந்த சாட்சியங்களில் என்னை அதிகம் வருத்துவது இதுதான். சென்சூரியன் டெஸ்டுக்காகச் சூதாட்டக்காரர் ஒருவரிடம் அவர் வாங்கிய பணமும் தோல் சட்டையும்கூட இதன் முன் எனக்குச் சிறியவை.

2002 ஜூன் 1 அன்று ஜார்ஜ் நகரருகே மலையில் மோதிய சரக்கு விமானத்தில் குரோனியே இறந்தார். வயது 32. அந்தத் துயரம் பலருடைய கோபத்தைக் கரைத்தது; அது மனித இயல்பு. 2004-இல் தென்னாப்பிரிக்காவின் மாமனிதர்களுக்கான தொலைக்காட்சி வாக்கெடுப்பில் அவருக்கு 11-ஆம் இடம் கிடைத்தது.

அவரை அருகிலிருந்து அறிந்தவர்களின் நினைவை வைத்தே அவரை எடைபோடுவோம் என்றால், எனக்கு மறுப்பில்லை. அந்த வரிசையில் வில்லியம்ஸையும் நிறுத்துங்கள். கிப்ஸைப் போலவே அவருக்கும் ஆறு மாதத் தடை. கிப்ஸ் திரும்பி வந்து பல ஆண்டுகள் ஆடினார். வில்லியம்ஸ் அதன்பின் தென்னாப்பிரிக்காவுக்கு ஆடவே இல்லை.