அடிமைத் தச்சரின் மேசை

தோழர்களே, மரத்தில் பள்ளம் எடுத்து வேறு நிற மரத்தைப் பதிக்கிற நுண்வேலைக்கு உளி மட்டும் போதாது, கண்ணு வேணும்.

ஜான் ஹெமிங்ஸ், அமெரிக்காவில் வர்ஜீனியாவில் தாமஸ் ஜெபர்சனின் அடிமை, தச்சர். ஜெபர்சனின் பேத்திக்காக அவர் பார்த்துப் பார்த்துச் செய்த எழுதுமேசை, 1825-ல் கப்பலோடு கடலில் போயிருச்சு. இன்னொன்று செய்யலாமே என்று ஜெபர்சன் கேட்டார். ஹெமிங்ஸ் முடியாதுன்னுட்டார். பார்வை மங்கிப்போச்சு, வடிவமும் முழுசா நினைவில் இல்லை.

பதிலுக்கு ஜெபர்சன் எதை அனுப்பினார் தெரியுமா? மனிதர் எல்லாரும் சமம் என்று 1776-ல் எழுதினாரே, அந்த மேசையை! அது இன்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஹெமிங்ஸுக்கு விடுதலையும் பட்டறைக் கருவிகளும், ஜெபர்சன் செத்து ஓராண்டு கழித்து 1827-ல்தான்.

தோழர்களே, நம்ம ஊரில் பறை கட்டுகிற தாத்தாவின் கண் மங்குமுன்னே, அவர் கையளவுகளை எழுதி வையுங்கள். அவர் பெயரோடு.