5 நொடியில் வெடிக்கும், இனிய நாளாகட்டும்

கெர்னல் மாட்யூல் பத்திப் பேசின எபிசோடுக்கு அப்புறம், "ஒரு நிஜ கிராஷை எடுத்து முழுசா பிரிச்சுக் காட்டுங்க"ன்னு நிறைய பேர் கேட்டீங்க. இன்னைக்கு அதுதான்.

லினக்ஸ் கெர்னலில் ரொம்ப வருஷம் இருந்த ஒரு எர்ரர் மெசேஜ் உண்டு. யூமவுண்ட் முடிந்த பிறகும் சில ஐநோட்கள் பிசியாக இருக்கின்றன, 5 நொடியில் வெடிக்கும், இனிய நாளாகட்டும் என்று சொல்லும். நான் சேர்த்துச் சொல்லலீங்க, சோர்ஸ் கோடிலேயே அப்படித்தான் இருந்தது. உள்ளே டைமர் எதுவும் ஓடாது, சும்மா ஒரு கிண்டல். புதுக் கெர்னல்களில் கிண்டலை எடுத்துட்டாங்க, எச்சரிக்கை மட்டும் இருக்கு. நாங்க ஓட்டினது பழைய கெர்னல்.

விஷயம் இதுதான். ஒரு கிளையன்டோட பேக்கப் பெட்டி. ஸ்கேன் ஃபைல்களை எழுதும், யூமவுண்ட் பண்ணும், பச்சை லைட் எரியும். லைட் எரிஞ்சா டிஸ்க்கைக் கழட்டலாம்னு அர்த்தம். சில சமயம் பச்சை எரிஞ்ச பிறகு பெட்டியே செத்துடும். திரும்ப ஆன் பண்ணினா கடைசியா எழுதின ஃபைலோட மெட்டாடேட்டா இருக்காது. கிராஷை விட எனக்கு அந்த லைட்தான் உறுத்துச்சு. யூமவுண்ட் வெற்றின்னு சொல்லுது, ஸ்கிரிப்ட் அதை நம்புது, லைட்டைப் பார்க்கிற மனுஷனும் நம்புறார்.

ஆஃபீஸில் யார் டெஸ்ட் பண்ணினாலும் கிராஷ் வராது. ஃபைல் எழுதுவாங்க, சரியா வந்திருக்கான்னு பார்ப்பாங்க, டீ குடிப்பாங்க, அப்புறம் யூமவுண்ட் பண்ணுவாங்க. அதனால முதல் வேலையா க்யூஇமு வர்ச்சுவல் மெஷினில் ஒரு லூப் எழுதினேன்: மவுண்ட், எழுது, மூச்சு விடாம யூமவுண்ட். முதல் சுற்றிலேயே விழுந்தது.

ஸ்டாக் டிரேஸைப் பார்த்தா யூமவுண்ட் பேரே இல்ல. ஏதோ ஒரு கேவொர்க்கர் த்ரெட் செத்துக் கிடக்கு. ஆனா ரிஜிஸ்டரில் ஒரு துப்பு: 6பி6பி6பி6பி என்று வரிசையாக. ஸ்லாப் டீபக்கை ஆன் பண்ணியிருந்தா, ஃப்ரீ பண்ணின மெமரி மேல கெர்னல் பூசி வைக்கிற விஷம் அது. அதைப் பார்த்தாலே, விடுவிச்ச மெமரியை யாரோ மறுபடி தொடுறாங்கன்னு புரிஞ்சுக்கலாம். உடனே காசானைப் போட்டு கெர்னலை மறுபடி பில்ட் பண்ணினேன். ஓட்டம் மெதுவாகும், ஆனா மெமரியைத் தொட்டது யார், ஒதுக்கினது யார், விடுவிச்சது யார்னு மூணு ஸ்டாக்கையும் தனித்தனியா கொடுக்கும். நம்ம கேஸில் ஒதுக்கினது மவுண்ட், விடுவிச்சது யூமவுண்ட், தொட்டது கேவொர்க்கர்.

இங்க நியாயமான ஒரு கேள்வி வரும். யாராவது பயன்படுத்திட்டு இருந்தா யூமவுண்ட் "டார்கெட் இஸ் பிசி"ன்னு மறுக்கணுமே? ஃபைலைத் திறந்து வச்சிருந்தா மறுக்கும். ஏன்னா திறந்த ஃபைல் மவுண்ட் மேலயே ஒரு பிடி வச்சிருக்கும், கெர்னல் அந்தக் கணக்கைத்தான் பார்க்குது. கெர்னலுக்குள்ள இருந்து ஐகிராப் ஃபங்ஷனால் ஐநோட்டை நேரடியா பிடிச்சா அந்தப் பிடி மவுண்ட் கணக்கில் ஏறவே ஏறாது. யூமவுண்ட் ஜாலியா போய் எல்லாத்தையும் காலி பண்ணும், கவுண்ட் பூஜ்யமாகாத ஐநோட்டை மட்டும் தொடாம தாண்டிப் போகும், கடைசியில் அந்த மெசேஜை எழுதிட்டு சூப்பர்பிளாக்கை விட்டுடும். வீட்டை இடிச்சாச்சு, ஆனா பழைய அட்ரஸை வச்சுக்கிட்டு டெலிவரிக்கு ஒருத்தர் கிளம்பி வந்துட்டே இருக்கார். அந்த நிலைமை.

அந்த ஆள் யாருன்னு காசான் ஓரளவு சொல்லிடுச்சு. உறுதி பண்ண பிபிஎஃப்டிரேஸில் ஐகிராப், ஐபுட் ரெண்டுக்கும் கேப்ரோப் போட்டு, எந்த ஐநோட், எந்த நேரம், எந்த ஸ்டாக்னு எழுத வச்சேன். ஐபுட் மழை மாதிரி கொட்டும், ஐநோட் எண்ணை வச்சு வடிகட்டலைன்னா லாக்கைப் படிக்கவே முடியாது. வடிகட்டினதும் தெரிஞ்சது: யூமவுண்ட் நேரத்தில் ஒரே ஒரு ஐகிராப்புக்கு ஜோடி இல்ல. அந்த ஸ்டாக், பெட்டியோட கூட வந்த ஃபைல்சிஸ்டம் மாட்யூலுக்குள்ள போகுது. எழுதி முடிச்சதும் ஐநோட்டைப் பிடிச்சு, மெட்டாடேட்டாவை 3 நொடி கழிச்சு எழுதிக்கலாம்னு டிலேய்டு வொர்க்கா தள்ளி வைக்குது. வேலை முடிஞ்சாதான் ஐபுட். யூமவுண்ட் ஆகும்போது அந்த வேலையை யாரும் கூப்பிட்டு முடிக்கவே இல்ல. கெர்னல் 5 நொடின்னு சொன்னது, நமக்கு 3-லேயே.

இப்ப ஃபிக்ஸ். மீட்டிங்கில் வந்த முதல் யோசனை, ஸ்கிரிப்ட்டில் யூமவுண்டுக்கு முன்னாடி 10 நொடி ஸ்லீப். ரிலீஸ் பக்கத்தில் இருந்தது, ஆசை புரியுது. ஆனா கையால யூமவுண்ட் பண்றவருக்கும், ஷட்டவுன் பட்டனை அழுத்துறவருக்கும் அந்த ஸ்கிரிப்ட் தெரியாது. நான் ஒத்துக்கல. ரெண்டாவது யோசனை, நிலுவையில் இருக்கிற வேலையை கேன்சல் பண்றது. கிராஷ் நிச்சயமா நிக்கும். மெட்டாடேட்டா எழுதாமலே பச்சை லைட்டும் எரியும். இது முதல் யோசனையை விட மோசம், ஏன்னா இப்ப தப்பு நடந்ததே வெளியே தெரியாது.

தேவை ஃப்ளஷ்: காத்திருக்கிற வேலையை உடனே ஓட வச்சு, முடியுற வரை நிற்பது. எங்கே வைக்கிறதுங்கறதும் முக்கியம். புட்_சூப்பர் தான் இடம்னு தோணும், ஆனா கெர்னல் அதைக் கூப்பிடும்போது சிங்க் ஏற்கனவே முடிஞ்சிருக்கும். அதனால கில்_எஸ்பி-யோட தொடக்கத்தில் வைத்தோம். புது வேலை சேராதபடி ஒரு கொடி, அடுத்து ஃப்ளஷ், அதுக்கப்புறம் வழக்கமான ஷட்டவுன்.

பேட்ச் பத்து வரிகூட இல்ல. லூப்பை ராத்திரி முழுக்க ஓட விட்டு, ஒவ்வொரு சுற்றிலும் டிஸ்க்கை மறுபடி மவுண்ட் பண்ணி ஃபைலோட செக்சம் பார்க்கவும் சேர்த்தேன். காலையில் லாக்கில் பிசி ஐநோட் வரி ஒண்ணுகூட இல்ல, செக்சம் எல்லாம் பொருந்துச்சு. பேட்சை மாட்யூல் எழுதினவங்களுக்கும் அனுப்பியாச்சு, அவங்க அடுத்த வெர்ஷனில் சேர்த்துட்டாங்க. ஏற்கனவே வெளியே போன பெட்டிகளுக்கு அப்டேட் போடுறதுதான் இப்ப ஓடிட்டு இருக்கிற வேலை, அதுக்கு ஒவ்வொரு இடத்துக்கும் ஆள் போகணும்.

உங்ககிட்ட புரியாத ஊப்ஸ் லாக் ஏதாவது இருந்தா அனுப்புங்க, அடுத்த எபிசோடில் ஒண்ணு எடுத்துப் பிரிக்கலாம். ஸ்கிரீன்ஷாட் வேண்டாம் மக்களே, டெக்ஸ்டா அனுப்புங்க.