வன்தட்டுக் குழுவும் கோப்பு முறைமையும்

வன்தட்டு என்றேனும் ஒருநாள் பழுதடைந்தே தீரும். ஆயிரம் மாணவரின் பெறுபேறுகளை ஒரே தட்டில் நம்பி வைத்தவர் கதி யாது? 1988ஆம் ஆண்டில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பேர்க்ளி வளாகத்து அறிஞர்களான டேவிட் பற்றர்சன், கார்த் கிப்சன், ரண்டி கற்ஸ் ஆகிய மூவரும் ‘றெயிட்’ எனும் முறையை விளக்கிக் கட்டுரையொன்று வெளியிட்டனர். விலையுயர்ந்த பெருந்தட்டுக்குப் பதிலாக மலிவான பல தட்டுகளைக் குழுவாகச் சேர்ப்பதே அவர்தம் கருத்து.

சூட்சுமம் எளிய கணக்கே. மூன்று தட்டுகளில் முறையே 1, 0, 1 உள்ளனவென்க. ஒன்றுகளின் எண்ணிக்கை இரட்டையாகுமாறு நான்காம் தட்டில் 0 எழுதப்படும். மூன்றாம் தட்டு அழிந்தால் எஞ்சுவது ஒரேயொரு 1. ஆகவே இழந்தது 1 என்பது தெளிவு. ‘றெயிட் 5’ ஒரு தட்டின் இழப்பையும், பின்னர் வந்த ‘றெயிட் 6’ இரு தட்டுகளின் இழப்பையும் தாங்கும். பெரிய தட்டொன்றை மீளக் கட்டப் பல மணி நேரம், சிலவேளை நாட்களே செல்லும். அதற்கிடையில் மற்றொன்றும் வீழ்ந்தால் ‘றெயிட் 5’ கைவிட்டுவிடும். பெருந்தட்டுகளுக்கு ஆறே தகும்.

இக்குழுவின்மேல் அமைவது கோப்பு முறைமை. கொத்தாய் இயங்கும் இரு சேவையகங்கள் சாதாரணக் கோப்பு முறைமையொன்றில் ஒருங்கே எழுதினால், இரு இலிகிதர் ஒருவரையொருவர் அறியாது ஒரே பேரேட்டில் எழுதிய கதையாகும். ஆதலால் ஒன்று எழுத, மற்றது காத்திருக்கும். முதலாவது ஓய்ந்ததும், அதன் மின்னைத் துண்டித்தோ தட்டுகளுக்கான வழியை அடைத்தோ விட்ட பின்னரே இரண்டாவது பொறுப்பேற்கும். அவசரப்பட்டால் இருந்ததும் கெடும்!

ஒருவர் தவறி அழித்த கோப்பை இக்குழு மீட்டுத் தராது. அழித்தலையும் அது தட்டுகளில் செவ்வனே பதித்துவிடும். அதற்கெனப் பிறிதோர் இடத்தில் தனிப் பிரதியொன்று இருத்தல் வேண்டும்.