பீய்ச்சி எடுத்த தாய்ப்பாலைப் பழுதாகாமல் வைத்திருப்பது எப்படி?

(தோட்டங்களிலிருந்து கொழும்புக்கு வேலைக்கு வந்து மாளிகாவத்தையில் குடியிருக்கும் இளந்தாய்மாரிடையே ஒரு சுகாதார உத்தியோகத்தர் நிகழ்த்திய பேச்சு. தோட்டத்தில் பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் பாட்டிமாருக்கும் பயன்படும் என்பதால் இங்கே தருகிறோம்.)



ஹட்டன், மஸ்கெலியா, பண்டாரவளை என்று பல பக்கமிருந்தும் வந்து இங்கே ஒரு காம்பரா வாடகைக்கு எடுத்து இருக்கிறீங்க. கடையில், கார்மென்ட்ஸில், வீடுகளில் வேலை. பிள்ளை பிறந்து இரண்டரை மாதம், மூணு மாதம் ஆனதும் வேலைக்குத் திரும்ப வேண்டியிருக்கு. அப்போதுதான் பிரச்சினை தொடங்குது. பிள்ளைக்கு ஆறு மாதம் முடியும் வரைக்கும் தாய்ப்பால் மட்டும் கொடுக்கணும், தண்ணீர்கூட வேண்டாம் என்று கிளினிக்கில் சொல்றாங்க. தாயோ காலை ஏழு மணிக்குப் போனால் மாலை ஆறு மணிக்குத்தான் வாறா. இடையில் பிள்ளை அழுதால் என்ன செய்யிறது? சீனித்தண்ணி, பிளேன்டி, பிஸ்கட் கரைச்சல், கடைசியில் பால்மா. சாதாரண பால்மா ஒரு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு உகந்ததல்ல. தண்ணி சுத்தமில்லாவிட்டால் வயிற்றோட்டம் நிச்சயம். 2022ஆம் ஆண்டில் பால்மாவுக்கு நாம் எல்லாரும் வரிசையில் நின்றதை மறந்திருக்க மாட்டீங்க. அந்த நேரத்திலும் தாயின் மார்பில் பால் தட்டுப்பாடு வரவில்லை.

ஆகவே இன்று நான் சொல்ல வந்தது ஒன்றுதான். தாய் வேலைக்குப் போனாலும் தாய்ப்பால் வீட்டில் இருக்கலாம். அதைப் பீய்ச்சி எடுத்து, முறையாக வைத்தால் போதும்.

முதலில் எடுக்கும் முறை. மெஷின் இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். கையே போதும். கையைச் சவர்க்காரம் போட்டு நன்றாகக் கழுவுங்க. மூடியுள்ள சில்வர் பாத்திரமோ, கண்ணாடிப் போத்தலோ எடுத்துக் கழுவி, கொதிக்கும் தண்ணியில் பத்து நிமிடம் போட்டு எடுங்க. பெருவிரலை மார்பின் கருவட்டத்துக்கு மேலேயும் மற்ற விரல்களைக் கீழேயும் வைத்து, நெஞ்சுப் பக்கம் அழுத்தி, பிறகு விரல்களைச் சேர்த்து அமுக்கி விடுங்க. காம்பை மட்டும் பிடித்து இழுக்கக் கூடாது, தோலில் தேய்க்கவும் கூடாது. வலித்தால் பிடி சரியில்லை என்று அர்த்தம். இரண்டு மார்பிலும் மாறி மாறி எடுக்க இருபது, முப்பது நிமிடம் ஆகும். முதல் நாள் ஒரு மேசைக்கரண்டிதான் வந்தாலும் பயப்பட வேண்டாம். எடுக்க எடுக்கத்தான் ஊறும். வேலைக்குப் போவதற்கு இரண்டு கிழமைக்கு முன்பே பழகத் தொடங்குங்க.

அடுத்தது, எவ்வளவு நேரம் வைக்கலாம்? இதைத்தான் எல்லாரும் கேட்கிறீங்க. கவனமாகக் கேளுங்க.

பிரிட்ஜ் இல்லாமல் வெளியே வைத்தால் நாலு மணித்தியாலம். ஆனால் அது 25 பாகை வரையான சூட்டுக்குச் சொன்ன கணக்கு. மாளிகாவத்தையில் தகரக் கூரைக் காம்பராவில் பகலில் முப்பதுக்கு மேல் போகும். ஆகவே இங்கே மூணு மணித்தியாலத்துக்குள் கொடுத்துவிடுங்க. நுவரெலியாப் பக்கத்து லயத்தில் குளிர் அதிகம். அங்கே நாலு மணித்தியாலம் தாராளமாகத் தாங்கும். விடிய ஆறு மணிக்கு எடுத்து மூடி வைத்துவிட்டு மலைக்குப் போனால், பத்து மணிக்குள் பாட்டி கொடுத்துவிடலாம்.

பிரிட்ஜின் சாதாரணத் தட்டில் வைத்தால் நாலு நாள். கதவில் வைக்க வேண்டாம், திறந்து மூடும்போது சூடு ஏறும். உள்பக்கம் தள்ளி வைக்கணும்.

ஐஸ் கட்டும் பகுதிக்குத் தனிக் கதவு இருந்தால் ஆறு மாதம் வரைக்கும் நல்லா இருக்கும். ஒற்றைக் கதவு பிரிட்ஜுக்குள் இருக்கும் சின்ன ஐஸ் அறை என்றால் இரண்டு கிழமைக்கு மேல் நம்ப வேண்டாம்.

உறைய வைக்கும்போது போத்தலை நிரப்பாதீங்க. உறைந்தால் பால் உப்பும், போத்தல் வெடிக்கும். கால்வாசி இடம் விடுங்க. ஒரு தடவைக்குப் பிள்ளை குடிக்கும் அளவு, 60 மில்லிலீட்டரிலிருந்து 120 வரை, தனித்தனியாக வைத்தால் வீணாகாது. புதிதாக எடுத்த சூடான பாலை உறைந்த பாலின் மேல் ஊற்ற வேண்டாம். போத்தலில் திகதியும் நேரமும் எழுதி ஒட்டுங்க. பழையதை முதலில் எடுங்க.

தாயின் பெயரையும் எழுதணும். ஏன் சொல்றேன் என்றால், இங்கே நாலு குடும்பத்துக்கு ஒரு பிரிட்ஜ். அக்கம்பக்கத்தில் முஸ்லிம் அக்காமார் இருக்கிறாங்க. ஒரு தாயிடம் பால் குடித்த பிள்ளைகள் உடன்பிறப்பு மாதிரி, பிறகு தமக்குள் கலியாணம் செய்யக் கூடாது என்பது அவங்க மார்க்கச் சட்டம். போத்தல் மாறிப்போவது அவங்களுக்குச் சின்ன விஷயமல்ல. சுகாதாரக் கண்ணால் பார்த்தாலும் அப்படித்தான். சில நோய்கள் பாலின் வழியாகப் போகும். 1989இல் பம்பாயின் சயன் ஆஸ்பத்திரியில் டொக்டர் ஆர்மிடா பெர்னாண்டஸ் தாய்ப்பால் வங்கி தொடங்கினார். அப்படிப்பட்ட வங்கிகளில் பால் கொடுக்கும் தாயின் இரத்தத்தைச் சோதித்து, பாலை 62.5 பாகையில் அரை மணித்தியாலம் சூடாக்கித்தான் மற்றப் பிள்ளைக்குக் கொடுக்கிறாங்க. வீட்டில் நாம் அதைச் செய்ய முடியாது. உங்க பால் உங்க பிள்ளைக்கு மட்டும்.

கொடுக்கும்போது என்ன செய்யணும்? உறைந்த பாலை முதல் நாள் இரவே கீழ்த் தட்டுக்கு மாற்றுங்க. அவசரமென்றால் போத்தலை இளஞ்சூட்டுத் தண்ணியில் வையுங்க. அடுப்பில் காய்ச்சக் கூடாது. காய்ச்சினால் பிள்ளையை நோயிலிருந்து காக்கும் சத்து அழிந்துபோகும். மேலே ஆடை மாதிரித் திரண்டிருந்தால் பழுதாகவில்லை, மெதுவாகச் சுழற்றினால் கலந்துவிடும். உருகி முடிந்த பாலை பிரிட்ஜில் ஒரு நாள் வைக்கலாம். வெளியே எடுத்தால் இரண்டு மணித்தியாலம்தான். திரும்ப உறைய வைக்கக் கூடாது. பிள்ளை குடித்து மிஞ்சியதை இரண்டு மணித்தியாலத்துக்குப் பிறகு ஊற்றிவிடுங்க. ஊற்ற மனசு வராதுதான். ஆனால் பிள்ளையின் வயிறு பெரிது. போத்தல் சூப்பி வேண்டாம். சின்னக் கோப்பையால், பிள்ளையை நிமிர்த்தி வைத்து, உதட்டில் தொட்டுக் கொடுத்தால் தானே நக்கிக் குடிக்கும்.

கரண்ட் போனால்? 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வெட்டினாங்களே, அப்போது பல தாய்மார் பாலை ஊற்றிவிட்டு அழுதாங்க. கதவைத் திறக்காமல் விட்டால் நிறைந்த பெரிய ஐஸ் அறை இரண்டு நாள் தாங்கும், பாதி நிறைந்தது ஒரு நாள். சின்ன ஐஸ் அறை அவ்வளவு தாங்காது. கீழ்த் தட்டுக்கு நாலு மணித்தியாலம் கணக்கு. கரண்ட் வந்ததும் பாருங்க. பாலில் இன்னும் ஐஸ் கட்டி தெரிந்தால் திரும்ப உறையலாம். முழுக்க உருகியும் குளிர்ச்சி இருந்தால் அன்றைக்கே கொடுத்து முடியுங்க. சூடாகிவிட்டால் ஊற்றிவிடுங்க.

"பிள்ளை தோட்டத்தில் அம்மாவிடம் இருக்கு, பஸ்ஸில் பால் அனுப்பலாமா?" என்று கேட்கிறீங்க. ஐஸ் நிறைத்த ரெஜிபோம் பெட்டியில் ஒரு நாள் வரை கெடாது. ஆனால் அங்கே பிரிட்ஜ் இல்லாவிட்டால் அன்றைய பால் அன்றைக்கே முடியணும். தினமும் அனுப்ப யாரால் முடியும்? அதனால் ஆறு மாதம் வரையாவது பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொள்ள வழி பாருங்க. முடியாத தாய்மாரும் பால் எடுப்பதை நிறுத்தாதீங்க. மூணு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை எடுத்தால் ஊற்று வற்றாது. லீவில் போகும்போது பிள்ளை உங்க மார்பைத் தேடி வரும்.

கடைசியாகச் சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்க. 1939ஆம் ஆண்டின் 32ஆம் இலக்க மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம் தோட்டத்துக்கும் தொழிற்சாலைக்கும் உரியது. பிள்ளைக்கு ஒரு வயது ஆகும் வரை வேலை நாளில் இரண்டு தடவை பாலூட்ட நேரம் தரணும். வேலைத்தலத்தில் பிள்ளை மடுவம் இருந்தால் தடவைக்கு அரை மணித்தியாலம், இல்லாவிட்டால் ஒரு மணித்தியாலம். எத்தனையாவது பிள்ளையானாலும் 12 கிழமை லீவு என்று 2018இல் திருத்தினாங்க. பிள்ளை பக்கத்தில் இல்லாதவங்க அந்த நேரத்தில் பால் எடுக்க ஒரு மூலையும் கதவும் கேளுங்க. கக்கூசில் நின்று எடுக்கச் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீங்க. பிள்ளையின் சாப்பாட்டை அங்கே யாராவது செய்வாங்களா? வீடுகளில் வேலை செய்யும் தங்கச்சிமார், வேலைக்குச் சேரும் முன்பே நோனாவிடம் பேசிக்கொள்ளுங்க. அங்கேயும் ஒரு பிரிட்ஜ் இருக்கும்தானே!

மார்பு கட்டினாலோ, காய்ச்சல் வந்தாலோ, மருந்து குடிக்க நேர்ந்தாலோ கிளினிக் மருத்துவிச்சியிடம் போங்க. பொரளை காசல் வீதி ஆஸ்பத்திரி இங்கிருந்து தூரமில்லை.

பாட்டிமாரே, பிரிட்ஜில் இருக்கும் அந்தச் சின்னப் போத்தலுக்குப் பின்னால் மகளின் அரை மணித்தியால ஓய்வு இருக்கு. அழும் பிள்ளைக்குச் சீனித்தண்ணி கரைக்கக் கை நீளும்போது முதலில் அதை எடுங்க.